புகைப்படம் போலவே இருக்கிறதே, பிறகு எதற்கு ஓவியம்?

கேள்வி இதுதான்: "ஓவியர் எஸ். இளையராஜா வரைந்த கிராமத்துப் பெண்களின் படங்கள் அச்சு அசலாகப் புகைப்படம் போலவே இருக்கின்றன. நல்ல கேமராவை எடுத்துக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போனால் நொடியில் கிடைக்கிற படத்துக்கு நாள்கணக்கில் தூரிகை பிடிப்பானேன்? இது கலையா, வெறும் கைத்திறமையா?"

எண்ணெய் வண்ணத்தில் பல ஆண்டுகளாக வரைந்துகொண்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருப்பவன் நான். புதிதாகச் சேரும் மாணவர்களில் யாராவது ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கேட்டுவிடுவார். கேட்பதில் தவறே இல்லை. ஆனால் பதிலை வேறொரு இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நீங்கள் எங்கே பார்த்தீர்கள் அந்தப் படங்களை? பெரும்பாலும் கைப்பேசியில், வாட்ஸப்பில் யாரோ அனுப்பியதாக இருக்கும். இல்லையென்றால் பத்திரிகைப் பக்கத்தில். அதாவது நீங்கள் பார்த்தது ஓவியத்தை அல்ல, ஓவியத்தை எடுத்த புகைப்படத்தை. உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கி, கண்ணாடித் திரைக்குப் பின்னாலிருந்து ஒளிர்கிற ஒரு புகைப்படம் புகைப்படம் போலத்தான் இருக்கும். அசலின் முன்னால் நின்றால் கதை வேறு. இரண்டடி தள்ளி நிற்கும்போது பித்தளைக் குடமாகத் தெரிவது, கிட்டே போகப் போக நான்கைந்து பட்டைகளாகப் பிரிந்துவிடும். ஒன்று பச்சை கலந்த மஞ்சள், ஒன்று செங்கல் நிறம், விளிம்பில் ஒரு நீலக்கீற்று. உலோகம் என்று அங்கே ஒன்றுமே இருக்காது. திரும்பப் பின்னால் வந்தால் குடம் மறுபடி குடமாகிவிடும். இந்த விளையாட்டைக் கைப்பேசி முழுசாக விழுங்கிவிடுகிறது.

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. பகிர்கிறவர்கள் படம் 'எடுப்பாக' இருக்கட்டும் என்று பிரைட்னஸை ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் படங்களில் இருட்டுதான் பாதி வேலையைச் செய்கிறது. இருட்டை வெளுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு அழகான பெண்ணின் முகம் மட்டும். அதோடு, மூலையில் இருக்கும் கையெழுத்தையும் வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் இது நிற்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இசையமைப்பாளரின் பெயர்தான், ஆள் வேறு. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியிலும் பிறகு சென்னைக் கவின்கலைக் கல்லூரியிலும் படித்தவர். ஆனந்த விகடன் வழியாக அவருடைய படங்கள் தமிழ் வீடுகளுக்குள் வந்தன. கண்காட்சிக் கூடத்தின் படியே ஏறாத ஆயிரக்கணக்கானவர்கள் ஓர் ஓவியனின் பெயரைச் சொல்லி "இது அவர் படம்" என்று அடையாளம் காட்டியது நம் காலத்தில் அநேகமாக அவர் ஒருவருக்குத்தான். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. நாற்பதைக் கடந்து ஒருசில ஆண்டுகளே ஆகியிருந்தன.

இனி கேள்விக்கு வருவோம். அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருவது எது? பெண்கள் என்பீர்கள். நான் ஓட்டு வீட்டின் உட்புறம் என்பேன். வெட்டவெளியில் வயலையும் வானத்தையும் விரித்து வைக்கிற கிராமம் அல்ல அது. கதவைத் தாண்டி உள்ளே போன கிராமம். தஞ்சை மண்டலத்து வீடுகளுக்குள் பகலில் போனவர்களுக்குத் தெரியும், வாசல் வெயிலிலிருந்து ரேழி என்கிற நடைக்குள் கால் வைத்ததும் ஒரு கணம் கண் இருண்டுபோகும். பிறகு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். முற்றத்திலிருந்து இறங்குகிற வெளிச்சம், சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம், சிவப்புச் சிமெண்டுத் தரையிலிருந்து மேலே எழும்பி ஆளின் முகவாய்க்கு அடியில் லேசாகச் செம்மை பூசுகிற வெளிச்சம். ஒரே அறைக்குள் மூன்று வெளிச்சம்.

கேமரா இந்த இடத்தில்தான் திணறும். மரச் சட்டம் போட்ட ஜன்னலுக்கு அருகே ஒரு பெண்ணை நிற்க வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். ஜன்னலுக்குத் தோதாக அளவை வைத்தால் முகம் கரியாகிவிடும். முகத்துக்கு வைத்தால் ஜன்னல் வெள்ளைத் துணியாக வெளுத்துப்போகும். இன்றைய கைப்பேசிகள் நாலைந்து படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இதைச் சரிக்கட்டுகின்றன. ஆனால் அப்போது எல்லாமே ஒரே மாதிரி வெளிச்சமாகி, நிழல் என்பதே நிழலாக இல்லாமல் போகிறது. நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. ஜன்னலைப் பார்க்கும்போது கண்மணி சுருங்குகிறது, அறை மூலைக்குத் திரும்பும்போது விரிகிறது. வெவ்வேறு நேரத்தில் பார்த்ததையெல்லாம் மனம் ஒன்றாகத் தைத்து "அந்த அறை" என்று வைத்துக்கொள்கிறது. அந்தத் தையலைத்தான் ஓவியன் வரைகிறான். எதைத் தெளிவாக விடுவது, எந்த விளிம்பை இருட்டுக்குள் கரைத்துவிடுவது என்று ஒவ்வோர் அங்குலத்திலும் அவன்தான் முடிவெடுக்கிறான். புடவைத் தலைப்பின் நுனி தெளிவாக இருக்கும், அதே புடவை முதுகுப் பக்கம் சுவரோடு கலந்து எங்கே முடிகிறது என்றே தெரியாது. "புகைப்படம் மாதிரி" என்று நம்மைச் சொல்ல வைப்பது நுணுக்கம் அல்ல, நாம் பார்க்கும் விதம் அதில் இருப்பதுதான்.

யதார்த்த பாணியில் வரைகிற பலரும் புகைப்படத்தைக் குறிப்பாக வைத்துக்கொள்வதுண்டு. அதில் ஒளிக்க எதுவும் இல்லை. குறிப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒரு படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வண்ணம் தீட்டிப் பார்க்கட்டும். கேமரா கரியாக்கிய இடத்தில் கரியைத்தான் பூச வேண்டியிருக்கும். அங்கே என்ன நிறம் இருந்தது என்று வீட்டில் வாழ்ந்தவனுக்கு நினைவு இருந்தால்தான் அந்த இருட்டுக்குள் காற்றோட்டம் வரும்.

இப்போது தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அவர் முக்கியமானவர் ஆவது இங்கேதான்.

அவருடைய பெண்கள் கறுப்பு. மாநிறத்தைக் கூட்டிக் குறைத்துப் பேச்சுக்குக் கறுப்பு என்பதல்ல, நம் ஊரில் வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களின் உடம்பில் இருக்கிற அசல் கறுப்பு. "திராவிடப் பெண்கள்" என்றே அந்த வரிசைக்குப் பெயர். வரையத் தெரிந்தவர்களுக்கே அது எவ்வளவு கடினம் என்பது புரியும். மாணவர்கள் கறுத்த முகம் வரையும்போது முதலில் செய்வது, பழுப்பில் கறுப்பு வண்ணத்தைக் கலப்பது. முகத்தில் அடுப்புக்கரி அப்பியது போலாகிவிடும். பிறகு எடுப்பாக இருக்கட்டும் என்று கன்னத்தில் வெள்ளையைத் தொட்டு வைப்பார்கள். இப்போது சுண்ணாம்பு பட்டது போலிருக்கும்.

காரணம் இருக்கிறது. தோலின் மேல்பரப்பில் பட்டு அப்படியே தெறித்துத் திரும்புகிற ஒளி எந்த நிறத் தோலானாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வெளிர்ந்த தோலில் அடிநிறமே வெளிச்சமாக இருப்பதால் அந்தத் தெறிப்பு தனித்துத் தெரியாது. கறுத்த தோலில் அடி ஆழமாக இருப்பதால் தெறிப்பு துலங்கித் தெரியும். கன்ன எலும்பு, மூக்கு நுனி, காறை எலும்பு, தோள்பட்டை என்று எங்கெல்லாம் தோல் வளைகிறதோ அங்கெல்லாம் ஒளி ஒரு கோடு போட்டுக்கொண்டு போகும். அந்தக் கோட்டின் நிறம் தோலின் நிறம் அல்ல, ஒளி வருகிற இடத்தின் நிறம். ஜன்னல் வழியாக வானம் தெரிந்தால் அது நீலம். எண்ணெய் விளக்கென்றால் பொன். நிழலுக்குள்ளும் வெறுமை இல்லை. பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பையும் அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்தால் கறுப்பு வண்ணக்குழாயைத் திறக்காமலே உயிருள்ள கறுப்பு கிடைக்கும். நீலத்தைச் சற்றுக் கூட்டினால் பின்வாங்கும், சியன்னாவைக் கூட்டினால் ரத்தம் ஓடுவது தெரியும்.

இதை எண்ணெய் வண்ணத்தில் மெல்லிய படலங்களாகக் கட்டுவார்கள். முதல் பூச்சு டர்பண்டைன் கலந்து தண்ணீர் போல இருக்கும். போகப் போக எண்ணெய் கூடும். ஆளி விதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. அதனால் ஒரு படலம் இறுகக் காத்திருந்துதான் அடுத்ததைப் பூச முடியும். ஒளி மேல் படலங்களைக் கடந்து உள்ளே போய், அடிப்பூச்சில் பட்டு, திரும்பி வருகிறது. கறுப்பு உள்ளிருந்து ஒளிர்வது போலத் தெரிவது இதனால்தான். நிஜத் தோலிலும் ஒளி கொஞ்சம் உள்ளே போய்த்தான் திரும்புகிறது. காகிதத்தின் மேல் மையாகப் படிந்த புகைப்படத்தால் இந்த ஆழத்தைத் தர முடியாது.

"கேமரா போதாதா" என்று கேட்டீர்கள் அல்லவா? கேமராவும் நடுநிலையான கண் அல்ல. வண்ணப் படச்சுருளிலிருந்து படம் அச்சிட்டவர்கள் நிறங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஓர் அட்டை வைத்திருந்தார்கள். கோடாக் நிறுவனத்தின் அந்த அட்டைக்கு ஷெர்லி அட்டை என்று பெயர். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்துவிட்டால் நிறம் சரி என்று பல ஆண்டுகள் கணக்கு வைத்தார்கள். கறுத்த முகங்கள் அந்தச் சுருளில் கரைந்து, பல்லும் கண்ணும் மட்டும் தெரிவது போலாயின. நம் ஊர் ஸ்டுடியோக்களில் படம் எடுப்பதற்கு முன் பவுடர் டப்பாவை நீட்டுவார்களே, எடுத்த பிறகு நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வார்களே, அதுவும் இதே கதையின் தொடர்ச்சிதான். கல்யாண ஆல்பத்தைப் புரட்டி "இது நான்தானா?" என்று நினைக்காத கறுத்த பெண் நம் தலைமுறையில் குறைவு. கைப்பேசிகள் சிலவற்றின் அழகுபடுத்தும் வசதியும் கேட்காமலே தோலை வெளுக்கிறது.

ஓவியமும் இதில் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு, வீட்டுக்கு வீடு சுவரில் வந்தமர்ந்த லட்சுமியும் சரஸ்வதியும் வெளிர்ந்தவர்கள். அந்த நிறம் காலண்டருக்கு, தீப்பெட்டிக்கு, பத்திரிகைக் கதைப் படத்துக்கு என்று இறங்கிக்கொண்டே வந்தது. விதிவிலக்குகள் உண்டு. 1937இல் தெற்கே பயணம் செய்து திரும்பிய அம்ரிதா ஷேர்கில், சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்து மக்களை ஆழ்ந்த கரும்பழுப்பு உடல்களோடு ஒரு பெரிய திரையில் வரைந்தார். மகத்தான படம். ஆனால் பாரிஸில் பயின்ற, வடக்கில் வாழ்ந்த ஒருவர் நம்மை வந்து பார்த்துவிட்டு வரைந்தது அது. அவர்கள் அதில் ஒருவித மௌனத்தோடு, நம்மிடமிருந்து விலகியே நிற்கிறார்கள். இளையராஜாவின் பெண்கள் நமக்கு அக்கா, சித்தி மகள், எதிர்வீட்டுப் பெண். அந்த நெருக்கத்தை வெளியிலிருந்து வந்து வரைந்துவிட முடியாது.

கும்பகோணத்துக்காரர் என்பதும் இதில் சேர்த்தி என்று நான் நம்புகிறேன். இது என் ஊகம்தான். சுவாமிமலையில் இன்றும் மெழுகில் வடித்து, மண் பூசி, உருக்கிய உலோகத்தை ஊற்றி வெண்கலச் சிலை செய்கிறார்கள். பக்கத்திலேயே நாச்சியார்கோவில் குத்துவிளக்கு. கர்ப்பகிரக இருட்டில் ஒரு திரியின் வெளிச்சம் அம்மன் சிலையின் தோளில் வழிந்து இறங்குவதைச் சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கறுப்பில் ஒளி எப்படி நடக்கும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கிராமத்தை வரைய இது ஒன்றே வழி என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டா வைகுண்டத்தைப் பாருங்கள். 1942இல் தெலங்கானாவின் கரீம்நகர் பகுதியில் பூருகுபள்ளி என்ற ஊரில் பிறந்தவர். ஹைதராபாத்தில் படித்துவிட்டு பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் பயின்றவர். அவர் பெண்களும் கறுப்புதான், கிராமத்தார்தான். ஆனால் அவர்களுக்கு நிழலே விழாது. தட்டையான பின்னணி, பக்கவாட்டு முகம், நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறையப் பூ, கண்ணைப் பறிக்கும் சிவப்பும் காவியும் ஆரஞ்சும். கோட்டின் வளைவு ஒன்றிலேயே உடம்பின் கனத்தைக் கொண்டுவந்துவிடுவார். 'தாசி' என்ற தெலுங்குப் படத்தின் கலை இயக்கத்துக்காக தேசிய விருது பெற்றவரும் அவரே. அவரிடம் யாரும் "இதற்குக் கேமரா போதாதா" என்று கேட்பதில்லை. ஏனென்றால் அவர் தான் தேர்ந்தெடுத்ததை வெளிப்படையாகக் காட்டுகிறார். இளையராஜாவின் தேர்வுகள் வெளியே தெரியாதபடி படத்துக்குள் அடங்கியிருக்கின்றன. அதனால் தேர்வே செய்யவில்லை என்று நாம் ஏமாந்துவிடுகிறோம். இரண்டில் எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால் பதில் கிடையாது. வைகுண்டத்தின் முன் நின்றால் திருவிழாக் கூட்டத்தில் நிற்பது போலிருக்கும். இளையராஜாவின் முன் நின்றால் மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் தூங்கும் வீட்டில் ஒரு ஆள் மட்டும் விழித்திருப்பது போலிருக்கும்.

அவர் மேல் உள்ள குறைகளையும் நேராகப் பேசிவிடலாம். அவருடைய கிராமத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம்கூட இருக்காது, எல்லாம் பித்தளையும் மண்ணும். டிவி இல்லை, ரேஷன் அட்டை இல்லை, நூறு நாள் வேலை இல்லை. பெண்கள் பெரும்பாலும் இளம்பெண்கள், களைப்பே தெரியாதவர்கள். வயலில் குனிந்து நாற்று நட்ட முதுகு அங்கே அரிது. தேக்குத் தூணும் முற்றமும் வைத்த வீடு கிராமத்தில் எல்லோருக்கும் வாய்த்ததல்ல, அந்த முற்றத்துக்குள் எல்லோரையும் விட்டதும் இல்லை. இந்தக் கேள்விகள் நியாயமானவை. கிராமம் இப்படித்தான் இருக்கிறது என்று சொல்லும் சாட்சியமாக அந்தப் படங்களை எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரில் ஆங்கிலேயர்களுக்காக ஓவியர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒவ்வொரு சாதியிலும் தொழிலிலும் ஒரு கணவன் மனைவியை வரிசையாக வரைந்து, கீழே இன்னார் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவைதான் ஆவணம். உடை, ஆயுதம், கூடை எல்லாம் சரியாக இருக்கும். முகத்தில் ஆள் மட்டும் இருக்க மாட்டார். இளையராஜாவிடம் ஆவணம் குறைவு, ஆள் இருக்கிறார்.

அந்தப் பெண்கள் மிக அழகாக இருப்பதுகூடக் குறையாகச் சொல்லப்படுகிறது. எனக்கு இதில் தயக்கமே இல்லை. சிவப்பழகு கிரீம் விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்த ஊரில், கறுத்த முகத்தை அரச குடும்பத்து உருவப்படத்துக்குக் கொடுக்கிற அத்தனை பொறுமையோடு ஒருவர் உட்கார்ந்து வரைந்தார். பரிதாபத்துக்காக அல்ல, வறுமையைக் காட்டுவதற்காக அல்ல, அழகு என்பதற்காகவே. என் வகுப்பில் ஒரு மாணவி, அவர் படத்தைப் பார்த்த பிறகுதான் தன் முகத்தையே கண்ணாடி வைத்து வரைந்தாள். அதற்கு முன் அவள் வரைந்த பெண்கள் எல்லோரும் ரோஜா நிறம். இதைச் செய்த படத்தை மிகை என்று சொல்லித் தள்ள என்னால் ஆகாது.

கைத்திறமையா கலையா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கைத்திறமை பித்தளையைப் பித்தளையாகக் காட்டும். அது பழகினால் வரும், என் மாணவர்களில் சிலருக்கு என்னைவிட நன்றாக வரும். எதை வெளிச்சத்தில் வைப்பது, யாரை வெளிச்சத்தில் வைப்பது என்பது பழக்கத்தால் வருவதல்ல.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். வீட்டில் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு, மதிய வெளிச்சத்தில் ஜன்னலோரமாக அம்மாவையோ பாட்டியையோ உட்காரச் சொல்லுங்கள். முகம் வேண்டாம், கையைப் பாருங்கள். வரைய வேண்டாம், பார்த்தால் போதும். மணிக்கட்டு எலும்பின் மேல் என்ன நிறம், வளையலுக்குக் கீழே விழும் நிழல் என்ன நிறம், உள்ளங்கை ஓரம் எங்கே சிவக்கிறது, புடவையின் நிறம் முன்கையில் எதுவரை ஏறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். "பழுப்பு" என்ற சொல்லை மட்டும் பயன்படுத்தக் கூடாது. பத்து நிமிடம் கழித்து அதே கையைக் கைப்பேசியில் படம் எடுத்து, எழுதி வைத்த தாளையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.